ஹங்கேரி நோட்டுக்காரர்

அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. கம்பெனியில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் தெரியவும் தெரியாது. 'ஹங்கேரி இன்னிக்கு லீவா?' என்பார்கள். 'ஹங்கேரி மறுபடியும் மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணிருச்சு' என்பார்கள். எதிரே நின்று அப்படிக் கூப்பிட மட்டும் ஒருத்தருக்கும் தைரியம் வராது. அவ்வளவு கோபக்காரர்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. இதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் மூன்று பேர்மேல். அவர் அதில் ஒருவர். மற்ற இரண்டு பேர் யாரென்று போகப்போகத் தெரியும்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஓசூரில் கியர் ஷாஃப்ட் செய்கிற ஒரு கம்பெனியில் நான் பர்சனல் ஆபீஸ் டைப்பிஸ்ட். விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். என் ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அந்த வேலையும் நிரந்தரமில்லை. ஆறு மாத ப்ரொபேஷன் என்று சேர்த்தார்கள். இரண்டு தடவை நீட்டித்துவிட்டார்கள். மூன்றாவது தடவை நிரந்தரம் செய்வதா, போகச் சொல்வதா என்பது ஜி.எம். கையில் இருந்தது. நான் சொல்லவந்த ஹங்கேரிக்காரர் அதே கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்டர். தயாரான ஷாஃப்டைச் சோதித்து, சரி என்றால் ஓகே முத்திரை குத்துவது அவர் வேலை. பத்தொன்பது வருட சர்வீஸ்.

அவருக்குக் கோபம் வர உலகத்தில் பெரிதாக எதுவும் நடக்க வேண்டியதில்லை. யாராவது ரூபாய் நோட்டை நாலாக மடித்தால் போதும். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஒருவன் பத்து ரூபாயைச் சுருட்டி நீட்டினான். அது இவர் காசுகூட இல்லை. "ஏம்ப்பா, அது என்னா பீடியா? சுருட்டி வெச்சிருக்கற?" என்று ஆரம்பித்தவர், அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போகும்வரை விடவில்லை.

பஸ் கண்டக்டர்கள் பாடு இன்னும் மோசம். அவர்கள் நோட்டை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகிக்கொள்வார்களே, அதைக் கண்டாலே இவருக்கு ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் பெங்களூர் போன பஸ்ஸில் இவரும் இருந்தார். கண்டக்டர் கன்னடக்காரர். "யாக்ரீ, நோட்டு ஹரிதில்ல அல்வா?" கிழியவில்லையே, என்ன வந்தது உனக்கு என்று கேட்கிறார். இவரும் கன்னடத்தில் பிடித்துக்கொண்டார். அத்திப்பள்ளியில் தொடங்கிய சண்டை பொம்மனஹள்ளி வரை போனது. பின்சீட்டு ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று, தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலையிலும் இதே கதைதான். ஒரு மாதக் கடைசி நாள். கேட்டில் லாரி நிற்கிறது, நானூறு ஷாஃப்ட் அன்றைக்கே போயாக வேண்டும். இவர் அதில் மயிரிழை விரிசல் இருக்கிறது என்று மொத்தத்தையும் நிறுத்திவிட்டார். புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் கெஞ்சினார், "அண்ணா, கண்ணுக்கே தெரியலையேண்ணா" என்று. "உங்கண்ணுக்குத் தெரியாட்டி அது இல்லாம பூடுமா?" என்று கேட்டுவிட்டு, ஓகே முத்திரையை டிபன் பாக்ஸுக்குள் போட்டு மூடிக்கொண்டார். கடைசியில் ஜி.எம். தன் ரூமுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். நான் அங்கே ஃபைல் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"முத்திரை இந்தா இருக்குது சார். நீங்களே உங்க கையால குத்திக்குங்க. பக்கத்துல உங்க பேரை எழுதிருங்க. நான் என்னாத்துக்கு இடையில?" என்றார் இவர்.

ஜி.எம். முகம் சிறுத்துப்போயிற்று. முத்திரையைத் தொடவில்லை. லாரி காலியாகத் திரும்பியது. அன்றிலிருந்து அந்த ஆளுக்கு இவர்மேல் ஒரு கண்.

நோட்டுக்கு வருகிறேன். மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. அவர் மனைவி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நல்ல மனுஷி. முதல் தடவை நான் போனபோதே எச்சரித்தார். "கைய கழுவி, நல்லா தொடச்சிக்கினு ஒக்காரும்மா. இல்லன்னா கத்துவாரு. நானே இருவது வருஷமா அத தொடல."

மேஜைமேல் வெள்ளைத்துணி விரித்து ஆல்பத்தை வைத்தார் இவர். பதினேழு நோட்டு. எல்லாம் ஹங்கேரி தேசத்துப் பணம். அதிலும் அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தபோது அச்சடித்தது மட்டும்தான். இப்போது அந்த ஊரிலேயே செல்லாது.

கம்பெனி ஆரம்பித்த புதிதில் ஹங்கேரியிலிருந்து ஒரு கிரைண்டிங் மெஷின் வந்ததாம். அதைப் பொருத்திக் கொடுக்க வந்த ஃபிட்டர் ஊருக்குத் திரும்பும்போது, ஹெல்ப்பராக இருந்த இவர் கையில் ஒரு நீல நிற இருபதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் பின்பக்கம் ஒரு ஆம்பிளை. கையில் சுத்தியல், பக்கத்தில் கோதுமைக் கதிர். உடம்பில் பொட்டுத்துணி கிடையாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காத. பணத்துல வேலக்காரன போட்டவன் எவன் இருக்கான் சொல்லு?" என்று அதற்கும் ஒரு கத்தல்.

சிவப்பு நூறைத்தான் எனக்குப் பிடித்தது. அதில் புயலுக்குப் பயந்து ஒரு குதிரை வண்டி ஓடும். குதிரையின் பிடரி மயிரெல்லாம் காற்றில் நிமிர்ந்து நிற்கும். பச்சை ஆயிரத்தில் ஒரு தாய் குழந்தைக்குப் பால் கொடுப்பாள். அந்த ஆட்சிக்கு முந்திய நோட்டையோ பிந்திய நோட்டையோ சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார். "முன்னாடி அடிச்சதுலயும் ராஜா, பின்னாடி அடிச்சதுலயும் ராஜா. நடுவுலதான் சுத்தி புடிச்சவன்" என்பார்.

இதைக் கேட்டு யூனியன்காரர்கள் குளிர்ந்துபோய், மே தினத்துக்குக் கொடியேற்றும் இடத்தில் ஆல்பத்தை வைக்கலாமா என்று வந்தார்கள். அவர்களுக்கும் விழுந்தது. "உங்க மே தினத்துக்கு எண்ணெய்க் கையோட வந்து பொரட்டுவீங்க. போங்கப்பா அந்தாண்ட." யாராயிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு அவர்மேல் மரியாதை வைப்பதா, எரிச்சல்படுவதா என்று எனக்கு எப்போதும் குழப்பம்.

பதினேழில் ஒன்று மட்டும் ஒசத்தி. ஆட்சியின் ஆரம்ப காலத்து நோட்டு. நாட்டு முத்திரையிலேயே சுத்தியலும் கதிரும் இருக்கும். சில வருடத்தில் அந்த முத்திரையை மாற்றிவிட்டார்களாம். ஒன்பது வருடம் அதைத் தேடியிருக்கிறார். கடைசியில் பெங்களூரில் பழைய நாணயம், நோட்டு விற்கிற ஒருவரிடம் இருந்தது. பதினைந்து வருட சர்வீஸுக்குக் கம்பெனி கொடுத்த கைக்கடிகாரத்தை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தார். கேன்டீனில் ஒரு மாதம் இதே பேச்சு. நேரம் கேட்கிற சாக்கில் அவரைச் சீண்டுவார்கள்.

கடையில் விற்கிற ஆல்பத்தில் அவர் நோட்டை வைக்கமாட்டார். அந்தப் பிளாஸ்டிக் மையை இழுத்துவிடும் என்பார். இதற்கென்றே விற்கிற உறையைத் தேடி வாங்கியிருந்தார், மேல்பக்கம் திறந்திருக்கும். "பேப்பருக்குக் காத்து வேணும்மா. மூட்டம் போட்டா செத்துரும்" என்று என்னிடம் வாயால் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டின தலைக்குள் ஒன்றும் ஏறவில்லை.

ஒருநாள் ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். "ஹங்கேரிலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க. பெரிய ஆர்டர். நம்ம இன்ஸ்பெக்‌ஷன் ஆளு அவங்க ஊர் பழைய நோட்டெல்லாம் வெச்சிருக்கானாமே? அதை வாங்கி ரிசப்ஷன்ல வைங்க. பாத்தா அசந்துருவாங்க."

போய்க் கேட்டேன். முடியாது என்றார். மறுநாளும் கேட்டேன். கத்தினார். மூன்றாம் நாள் வீட்டுக்கே போய் நின்றேன். "அண்ணே, நான் ப்ரொபேஷன்ல இருக்கேன். இந்தச் சின்ன வேலையக்கூட முடிக்கத் துப்பில்லன்னு சொல்லி அனுப்பிருவாருண்ணே. ஒரு நா தான். எம் பொறுப்பு."

அவர் எழுந்து போய் ஆல்பத்தைத் துணியோடு எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "ஒறைய வுட்டு ஒண்ணக்கூட வெளிய எடுக்கக் கூடாது. பாக்கறவங்க கண்ணால பாக்கட்டும். நீ சொன்னதால குடுக்கறன்."

நான் சொன்னதால் கொடுத்தார். இதைத் திரும்பத் திரும்ப எழுதினாலும் எனக்கு ஆறாது.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் ஜி.எம். என் மேஜைப் பக்கம் வந்தார். ஆல்பத்தை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். "இதென்ன, பொஸ்தகமா? யாரு நின்னு பக்கம் பக்கமா திருப்பிட்டு இருப்பா? ஒரு போர்டுல ஒட்டுங்க. உள்ள நுழைஞ்சதும் பளிச்னு தெரியணும்."

"சார், ஒட்டினா நோட்டு பாழாயிரும் சார்."

"அதெல்லாம் நீங்க பாத்துக்கங்க. காலைல ஒன்பதுக்கு போர்டு இருக்கணும்."

லாமினேஷன் என்ற வார்த்தை அந்த ஆள் வாயிலிருந்து வரவில்லை. அது என் மூளையில் உதித்தது. பசையும் குண்டூசியும் நோட்டில் படக்கூடாது, அவ்வளவுதான் என் கவலை. எங்கள் வீட்டில் எது பெரிதோ அதை லாமினேட் செய்திருப்போம். என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வீட்டுக்காரரின் டிப்ளமோ, மாமனார் உயிரோடு இருந்தபோது அவரோடு எடுத்த ஒரே போட்டோ, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள். எங்கள் ஆபீஸில் வேலை கேட்டு வருகிறவன் லாமினேட் செய்யாத சர்டிபிகேட்டை நீட்டினால், பொறுப்பில்லாதவன் என்று நானே நினைத்திருக்கிறேன்.

என் மேஜையிலிருந்து நாற்பது அடி நடந்தால் இன்ஸ்பெக்‌ஷன் ரூம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறந்துபோய் இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார், ஆல்பத்தையே பிடுங்கிக்கொண்டு போய்விடுவார், காலையில் போர்டு இருக்காது, என் வேலை இருக்காது. அதனால்தான் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரப் பையன் ஒவ்வொன்றாகக் கவருக்குள் வைத்து மெஷினுக்குள் விட்டான். அந்தப் பக்கம் சூடாக, விறைப்பாக, பளபளவென்று வந்து விழுந்தது. பதினேழு தடவை. அந்த ஒன்பது வருட நோட்டும் வந்து விழுந்தது. "இனிமே தண்ணில ஊறப்போட்டாலும் ஒண்ணும் ஆவாதுக்கா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. அண்ணன் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன். என்ன ஜென்மமோ நான்.

காலையில் ரிசப்ஷனில் தெர்மாகோல் போர்டு, சுற்றி ஜரிகைத்தாள், நடுவில் பதினேழு நோட்டும் மின்னின. இரண்டு ஹங்கேரிக்காரர்களில் வயதானவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார். ஜி.எம். பெருமை தாங்காமல், நோட்டுக்குச் சொந்தக்காரரைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். இவர் நீலச் சட்டையோடு வந்து வாசலில் நின்றார். போர்டு இன்னும் கண்ணில் படவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் ஜி.எம்.மிடம் இங்கிலீஷில் கேட்டார், இதை ஏன் பிளாஸ்டிக்கில் போட்டீர்கள் என்று.

"பாதுகாப்புக்காக. என் யோசனைதான்" என்றார் ஜி.எம்., சிரித்துக்கொண்டே, அதே இங்கிலீஷில்.

யாருடைய நல்ல யோசனையானாலும் அது தன்னுடையது என்று சொல்வது அந்த ஆளின் வழக்கம். இது நல்ல யோசனை என்று நினைத்துவிட்டார், பாவி மனுஷன்.

இவருக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். போர்டிடம் போனார். ஒரு நோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அடுத்ததையும் அழுத்திப் பார்த்தார். நான் தூண் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு அந்த விரலைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, ஏதோ பெரிய கேடு செய்துவிட்டேன் என்று.

"உன் யோசனையா?" என்றார் திரும்பி. பத்தொன்பது வருடமாக சார் என்று கூப்பிட்ட ஆளை. "உன் யோசனையாய்யா இது? உன் கொழந்தைய பாலித்தீன் கவர்ல போட்டு ஒட்டி வெய்யி. பத்திரமா இருக்கும். போய் வெய்யி!"

போர்டைப் பிடித்து இழுத்தார். தெர்மாகோல் இரண்டாக உடைந்தது. பூச்சாடி விழுந்து பெரியவரின் ஷூவெல்லாம் தண்ணீர். செக்யூரிட்டி ஓடிவந்து இவர் கையைப் பிடித்தான். அவனையும் உதறிவிட்டு, குனிந்து ஒவ்வொரு நோட்டாகப் பொறுக்கிக்கொண்டார். பெரியவரும் குனிந்து ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஜி.எம். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை.

மத்தியானமே சஸ்பென்ஷன். விருந்தினர் முன் ஒழுங்கீனம், மேலதிகாரியை அவமதித்தது, கம்பெனிப் பொருளை உடைத்தது என்று சார்ஜ் ஷீட். டைப் அடித்தது யார்? நான்தான். கம்பெனிப் பொருள் என்றால் அந்தத் தெர்மாகோல்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மேஜைமேல் ஒரு தட்டில் பெயிண்ட் கரைக்கிற தின்னர். அதில் சிவப்பு நூறு கிடந்தது. பிளாஸ்டிக்கைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். காகிதமே இரண்டு தாளாக உரிந்து வந்திருந்தது. முன்பக்கத்து மீசைக்காரர் ஒரு பிளாஸ்டிக்கில், பின்பக்கத்துக் குதிரை வண்டி இன்னொரு பிளாஸ்டிக்கில்.

"அண்ணே, அது நான்தாண்ணே. ஜி.எம். இல்ல. நான்தான் கடைக்குக் கொண்டுபோனேன்."

"தெரியும். இதப் பிரிக்க முடியுமான்னு கேக்க அதே கடைக்குத்தான் போனன். 'அந்த ஆபீஸ் அக்காதான் கொண்டாந்தாங்க'ன்னான்."

"அப்ப ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

அவ்வளவுதான், வெடித்தார். "சொன்னா யாருக்கு லாபம்? 'அந்தப் பொண்ணு பண்ணிருச்சு'ன்னு அவன் கைய கழுவிக்கினு போவான். நீ பண்ணது தப்பு. புத்தியில்லாம பண்ணது. அவன் பண்ணது பொய்யி. ரெண்டும் ஒண்ணா? ஒனக்காக ஒண்ணும் நான் சும்மா இல்ல, தெரிஞ்சிக்க. காத்து வேணும்னு சொன்னனா இல்லையா ஒங்கிட்ட? சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்கண்ணே."

"இனிமே இந்த ஊட்டுப் பக்கம் வராத."

அவர் மனைவி சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், போய்விடு என்று. நான் அழுதுகொண்டே தெருவில் நடந்தேன். பாதித் தெருவில் அழுகை நின்று கோபம் வந்தது. மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் இந்த மனுஷனுக்கு என்று கோபம். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை. அது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீலைக் கொண்டுவந்தார்கள். கேள்வி பதிலைக் குறித்துக்கொள்ள என்னை உட்கார வைத்தார்கள். எதிரே அவர். வக்கீல் கேட்டார், "நோட்டுகளை லாமினேட் செய்தது யார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

என் பேனா நின்றுவிட்டது.

"ஜி.எம். சாரு தன் யோசனைன்னாரு. வெளிநாட்டுக்காரங்க முன்னாடி சொன்னாரு. அவ்ளோ பெரிய மனுஷன் பொய் சொல்லுவாரா?" என்றார் இவர். வக்கீல் அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

கம்பெனிக்கு அவரை இழக்கவும் மனமில்லை. வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் அவர் முத்திரை இருந்தால்தான் சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் இறக்குவார்கள். அதனால் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக முடிவானது. கடிதத்தை ஜி.எம். சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கையெழுத்து வாங்கிவர என்னையே அனுப்பினார்கள்.

வராதே என்று சொன்ன வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, வரிவரியாகப் படித்தார்.

"கத்துனன். ஒத்துக்கறன். போர்டை ஒடச்சன். ஒத்துக்கறன். மரியாதையில்லாம பேசுனன், அதுக்கு மன்னிப்பும் கேக்கறன். இங்க பாரு, 'எந்தக் காரணமும் இன்றி'ன்னு ஒண்ணு போட்டுருக்கறாங்க. அத மட்டும் எடுத்துட்டுக் கொண்டா. இப்பவே கையெழுத்து போடறன்."

"அண்ணே, மூணு வார்த்தைண்ணே. கண்ண மூடிட்டுப் போட்டுருங்கண்ணே. வேலை போயிரும்ணே."

"காரணம் இல்லன்னு நான் எப்பிடிம்மா எழுதிக் குடுப்பன்?" என்றார். கத்தவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார். கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

நேராக ஜி.எம். ரூமுக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்றுகூட நினைவில்லை. "சார், லாமினேஷன் நான்தான் சார் போட்டேன். நீங்க சொல்லல. அவர் உங்கமேல கோபப்பட்டதுக்குக் காரணம் இருக்கு சார். அந்த மூணு வார்த்தைய எடுத்துட்டா போட்டுர்றேங்கறார்."

ஜி.எம். ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். "நான் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

கையெழுத்தில்லாத கடிதத்தை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"அதை எடுத்தா, காரணம் இருக்குன்னு ஆயிரும். என்ன காரணம்னு எம்.டி. கேப்பாரு. உங்க பேரு வரும், என் யோசனைன்னு நான் சொன்னதும் வரும். அப்புறம் உங்க ப்ரொபேஷன் ஃபைலையும் எடுத்துப் பாக்கணும். வேணுமா உங்களுக்கு? வீட்டுக்காரரும் சும்மா இருக்காருன்னு கேள்விப்பட்டேன்." குரலில் அவ்வளவு கனிவு. "போய் வேலையைப் பாரும்மா."

நான் போய் வேலையைப் பார்த்தேன்.

செருப்பைக் கழற்றி அடித்திருக்க வேண்டும் அந்த ஆளை. குறைந்தபட்சம் அந்த எம்.டி. ரூம் வரைக்காவது நடந்திருக்க வேண்டும். வீட்டு வாடகை, வீட்டுக்காரரின் முகம், பெண்ணின் ஸ்கூல் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் உண்மைதான். அவருக்கும் வீடு இருந்தது, மனைவி இருந்தார். அவரால் மூன்று வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போட முடியவில்லை. என்னால் எதற்குக் கீழேயும் போட முடிந்தது.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் அடித்தேன். இரண்டுக்கும் அடுத்தடுத்த எண். முதலாவது அவருடைய டிஸ்மிஸல் உத்தரவு. இரண்டாவது எனக்கு வந்த நிரந்தர உத்தரவு. ப்ரொபேஷன் காலத்தில் உங்கள் நடத்தை திருப்திகரமாக இருந்தது என்று வழக்கமாகப் போடுகிற வரியும் அதில் இருந்தது. பிழை ஏதாவது இருக்கிறதா என்று இரண்டையும் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஜி.எம். மேஜையில் கையெழுத்துக்கு வைத்தேன்.